அடுப்படிக்கும் கழிப்பறைக்கும் நடுவே

அன்பு மகனுக்கு உம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் லாத்தாவும் பிள்ளையும் சுகம். உன் சுகத்தை இந்தத் தடவை விசாரிக்கப் போவதில்லை. முந்தாநாள் போனில் நீ கத்திய கத்தலிலேயே தொண்டை, நெஞ்சு, மூச்சு எல்லாம் திடமாக இருப்பது தெரிந்துவிட்டது. "சம்பந்தி வீட்டுல என்னா சொன்னீங்க உம்மா? போன வாரம் வரைக்கும் சூப்பர் பிளான்னு சொன்ன மாமா இன்னைக்கு வேணாங்கிறாரு. நீங்கதான் ஏதோ சொல்லியிருக்கீங்க" என்றாய். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசுகிற போனைக் கட் பண்ணுவது உனக்குக் கைவந்த கலை. காகிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், அதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு. உன் வாப்பா துபாயில் இருந்த காலமெல்லாம் வாரம் தவறாமல் கடிதம் எழுதிய கை இது. அவர் மவுத்தான பிறகு எழுத ஆளில்லாமல் கிடந்தது. இப்போது நீ வேலை கொடுத்திருக்கிறாய்.

நம்மவர்களிடம் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை மாப்பிள்ளையாகி இன்னொரு வீட்டுக்குப் போகிறவன். இந்த நாகூர் வீடு மூத்தவள், உன் லாத்தா ஜமீலாவுக்கு என்று அவள் பிறந்தபோதே எழுதாமல் எழுதியாகிவிட்டது. நீ நஸ்ரின் வீட்டுக்குப் போகப் போகிறாய். அவள் வாப்பா, உன் மாமா, அவளுக்காகப் புதிதாகக் கட்டுகிறார், வீடு முடிந்ததும் நிக்காஹ். யோசித்துப் பார்த்தால் நம் ஆண்களுக்குச் சாகிற வரைக்கும் சொந்த வீடு என்று ஒன்று கிடையாது. கல்யாணம் வரைக்கும் உம்மா வீட்டில் விருந்தாளி, அதற்குப் பிறகு பெண்டாட்டி வீட்டில் விருந்தாளி. விருந்தாளிக்கு என்ன தெரியும்? உட்காருகிற நாற்காலி தெரியும், படுக்கிற கட்டில் தெரியும். அந்த நாற்காலிக்கு டீ எந்த வழியாக வந்து சேருகிறது என்பது தெரியாது. அப்படிப்பட்ட கூட்டத்திலிருந்து ஒருவன் வீடு கட்டுவதைப் படிக்கச் சென்னைக்குப் போகிறான் என்றதும் நான் தெரு முழுக்கப் பெருமை அடித்தேன். ஆர்க்கிடெக்ட் என்ற வார்த்தையை நாக்குக்குப் பழக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அப்போது யாராவது எனக்கு நினைவுபடுத்தியிருக்கலாம்.

இந்த வீட்டைக் கட்ட நீ இடித்த பழைய வீட்டை நினைத்து நான் அழப்போகிறேன் என்று பயப்படாதே. அந்த வீட்டை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இருட்டு, புழுக்கம், கடல்காற்றில் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிரும், போதாததற்குப் பெருச்சாளி. முதல் கடப்பாறை விழுந்த அன்று நான் சந்தோஷத்தில் இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதேன். ஆனால் அந்த வீட்டில் ஒரு விஷயம் இருந்தது. முன்னால் ஆண்கள் உட்காரும் கூடம். கூடத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு சந்து. அடுப்படியில் ஆரம்பித்து, எங்கள் அறைகளையெல்லாம் தொட்டுக்கொண்டு, கொல்லையில் கிணற்றடிக்கும் கழிப்பறைக்கும் போகும். கூடத்தில் யார் வந்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் நிற்காது. பின்னாலேயே சமைப்போம், குளிப்போம், பிள்ளைக்குப் பால் கொடுப்போம், அடிக்குரலில் சண்டையும் போட்டுக்கொள்வோம். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம் இருக்கும். அதில் கண்ணை வைத்து எத்தனை தலை என்று பார்த்து டீக்குத் தண்ணீர் வைப்போம். அந்தச் சந்துக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. கூடம், அறை, அடுப்படி என்று பெயருள்ளதெல்லாம் உன் பிளானில் ஹாலாகவும் பெட்ரூமாகவும் கிச்சனாகவும் வந்தது. பெயரில்லாத சந்து மட்டும் எதுவாகவும் வரவில்லை.

நீ அதை அறியாதவனும் அல்ல. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அதில் நான் நடக்காத நாள் இல்லை. நடக்க ஆரம்பித்த பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாய். உனக்கு சுன்னத் செய்து புண் ஆறியதும், "ஆம்பளப் புள்ள, இனிமே முன்னால வந்து உக்காரு" என்று வாப்பா உன் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அன்று போனவன் போனவன்தான். ஒரே வீட்டுக்குள் இரண்டு வீடு இருந்ததும், அதில் ஒன்றை விட்டு நீ வெளியேறியதும் உன் புத்தியில் ஏறவே இல்லை. ஐந்து வருஷம் காலேஜில் உனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவும் இல்லை போலிருக்கிறது.

வாப்பாவும் லேசுப்பட்டவர் அல்ல. துபாயில் ஏதோ ஒரு வீட்டில் குளிக்கிற தொட்டியைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒன்று நம் வீட்டிலும் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி இறக்கினார். வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று கூடத்தை ஒட்டியே ஒரு அறை கட்டி அதில் பதித்தார். கூடத்தை ஒட்டிய அறையில் எந்தப் பெண் போய்க் குளிப்பாள்? அவர் கப்பலேறியதும் — அப்போதும் அப்படித்தான் சொல்வோம், அவர் போனது பிளேனில் — நான் அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பி, மேலே பலகை போட்டு மூடிவிட்டேன். தெருவில் யார் வீட்டிலும் இல்லாத குடிதண்ணீர்த் தொட்டி நம்முடையது. லீவில் வந்தவர் துண்டோடு போய்ப் பலகையைத் தூக்கினார். "குடிக்கிற தண்ணியில காலை வைக்காதீங்க" என்றேன். ஒரு நிமிஷம் முழித்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார், வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தான் கட்டியது தப்பு என்று தெரிந்தால் சிரித்துவிட்டு வாளியைத் தூக்குகிற குணம் அவருக்கு இருந்தது. உனக்கு அவருடைய முகம் மட்டும் வந்திருக்கிறது, வீணாக.

"பிளானைக் காட்டி உங்ககிட்ட ஓகே வாங்கிட்டுத்தானே கட்டினேன்" என்று நீ சொல்வாய். காட்டினாய். லேப்டாப்பில் கலர்கலராய்ப் படம் ஓட்டினாய். உயரமான ஹால், அதற்குள்ளேயே ஏறுகிற மாடிப்படி, சுவரே இல்லாத கிச்சன். அந்தக் கிச்சனில் கால்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் காப்பிக் கோப்பையோடு நின்றாள். அவள் பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி இல்லை, அரிந்து வைத்த மீன் இல்லை, அழுகிற பிள்ளை இல்லை. அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டிய சர்க்கரை வியாதியும் அவளுக்கு இருக்கிற மாதிரி தெரியவில்லை. நான் படத்தில் என்னைத் தேடினேன். கிடைக்கவில்லை. மகன் முகத்தைப் பார்த்தேன், மாஷா அல்லாஹ் என்று சொல்லிவைத்தேன். பெற்றவள் பிள்ளையின் படத்துக்குச் சொல்லும் மாஷா அல்லாஹ்வை ஓகே என்று எடுத்துக்கொள்கிறவன், நாளைக்கு நஸ்ரின் சமைக்கிற உப்பில்லாத ஆணத்தை நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாகிற வரைக்கும் அதையே சாப்பிடட்டும்.

குடிவந்தோம். கொல்லை போய்விட்டது, அங்கே கூழாங்கல் கொட்டி நாலு செடி வைத்தாய். அதற்குப் போகிற கண்ணாடிக் கதவு ஹாலில். மாடிப்படி ஹாலில். என் அறைக் கதவு ஹாலில். கீழே இருக்கிற ஒரே கழிப்பறை மாடிப்படிக்கு அடியில், அதன் கதவு நேராக சோபாவைப் பார்த்து. வெளியே போகும்போது போர்த்துகிற துப்பட்டியை மாட்ட அழகான மரக் கொக்கி வைத்தாய், அது வாசற்கதவுக்குப் பக்கத்தில், அதுவும் ஹாலில். ஆக, ஒரு ஆண்பிள்ளை வந்து அந்த சோபாவில் உட்கார்ந்தால் வீடு மொத்தமும் அவனுக்குச் சொந்தம். கிச்சனில் இருப்பவள் கிச்சனுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூமுக்குள் ஓடி ஒளிய வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது, முட்டுச்சந்து. மாடியில் இருப்பவள் மாடியோடு கிடக்க வேண்டும். வஞ்சிரம் பொரித்தால் சோபாத் துணியெல்லாம் நாலு நாளைக்கு வஞ்சிரம். நான் கிச்சன் முன்னால் கயிறு கட்டி ஒரு திரை போட்டேன். அடுத்த தடவை சென்னையிலிருந்து வந்தவன் அதை அவிழ்த்து, அழகாக மடித்து, பீரோவில் வைத்தாய். "வியூ போகுது உம்மா" என்றாய். நீ போன பிறகு மறுபடி கட்டினேன். மறுபடி வந்தாய், மறுபடி மடித்தாய். ஏதோ ஒரு பத்திரிகையில் இந்த வீட்டின் படம்கூட வந்தது. அதில் ஸ்டோர் ரூம் இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உனக்கு அது மறந்திருக்கும், அல்லது மறந்த மாதிரி இருப்பாய். உன்னைப் பேசி முடிக்க நஸ்ரின் வீட்டு ஆண்கள் வந்த நாள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு வருகிறோம் என்று சொன்னவர்கள் வெயில் இருக்கும்போதே அஸர் தொழுதுவிட்டு அப்படியே வந்துவிட்டார்கள். ஜமீலா மாடியில் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். நான் கிச்சனில் வட்டலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் சலாம் கேட்டதும் கையைக்கூடக் கழுவாமல் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். காற்று வரவேண்டும் என்று நீ பலகைப் பலகையாக இடைவெளி விட்டு வைத்த கதவு. உள்ளே நன்னிலத்திலிருந்து வந்த அரிசி மூட்டைகள், எண்ணெய் டின், நான். சாப்பாட்டுக்கு முன்னால் போட்ட மாத்திரையோடு, பிரஷருக்கு டாக்டர் கொடுக்கும் நீர் மாத்திரையும் சேர்த்துப் போட்டிருந்தேன். அதைப் போட்டால் எனக்கு எத்தனை நேரம் தாங்கும் என்று உனக்கே தெரியும். பஸ்ஸில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்களில் வழியில் எங்கே நிறுத்தச் சொல்வேன் என்று கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பவன் நீதான். அந்த நல்ல பிள்ளை எங்கே தொலைந்தான் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீயே டீ போட்டாய். திறந்த கிச்சனில் மாப்பிள்ளை தன் கையால் டீ போடுவதைப் பார்த்து மாமாவுக்கு ஒரே சந்தோஷம். நீ அடுப்புக்கு வந்தபோது எனக்கும் உனக்கும் நடுவில் அந்தப் பலகைக் கதவு மட்டும்தான். "தம்பி" என்று கூப்பிட்டேன். திரும்பாமலே, உதடு அசையாமல், "கொஞ்சம் இருங்க உம்மா" என்றாய். இருந்தேன். நீ போய் உட்கார்ந்துகொண்டாய். வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். போன் செய்தேன், கட் பண்ணினாய். கொஞ்சம் பொறுத்து மறுபடி செய்தேன், மறுபடி கட். உன்னை ஒன்றும் ஆகாயத்தில் பறந்து வரச் சொல்லவில்லை. "வாங்க மாமா, கொல்லைப் பக்கம் செடியெல்லாம் காட்டுறேன்" என்று எல்லாரையும் எழுப்பிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டிப்போயிருந்தால் போதும். அது உன் புத்திக்கு எட்டவில்லை. நீ அந்த நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் இன்னும் இருக்கிறது. "இந்த வீட்டுல மறைவுன்னு ஒண்ணுமே கிடையாது மாமா. எல்லாமே ஓப்பன்" என்றாய்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அரிசி களைகிற அலுமினியப் பேசின் ஒன்று மூட்டை மேல் கிடந்தது. அதை எடுத்துக் கீழே வைத்து உட்கார்ந்தேன். நான் உன்னைப் பெற்றவள், உன் மூத்திரத் துணியைத் துவைத்தவள், இதை உனக்கு எழுத எனக்கு வெட்கமில்லை. அலுமினியத்தில் விழுந்த சத்தம் அந்த உயரமான ஹால் முழுக்கக் கேட்டது. ஒரு கரண்டி விழுந்தாலே கணகணவென்று எதிரொலிக்கிற மாதிரிக் கட்டியவன் நீதானே. பேச்சு நின்றது. பலகை இடுக்கு வழியாக உன் முகத்தைப் பார்த்தேன். காது வரைக்கும் சிவந்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது. மாமா, "என்னா மாப்ள சத்தம்?" என்று கேட்டார். நீ, "குழாய் லீக்காவுது மாமா. பிளம்பர எத்தனை தடவை கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறான்" என்றாய். அதற்கப்புறம் எல்லாரும் பிளம்பர்களைப் பற்றிப் பேசினார்கள். நாகப்பட்டினத்து பிளம்பர், காரைக்கால் பிளம்பர், யார் யோக்கியன், யார் ஏமாற்றுகிறவன் என்று நெடுநேரம் பேச்சு ஓடியது. நான் பேசினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் அதிலும் சத்தம் வரும்.

என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்பாய். இருக்கலாம். ஆனால் அவர்கள் போன பிறகு நீ வந்து கதவைத் திறந்தாய், பார்த்தாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையிலிருந்து பேசினை வாங்கவில்லை. போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாய். பிறகு பையை எடுத்துக்கொண்டு சென்னை பஸ்ஸுக்குக் கிளம்பினாய். அன்று உன்னை வெறுத்தேன். பெற்ற பிள்ளையை அப்படி வெறுக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாசல் வரை வந்து துஆச் செய்து வழியனுப்புகிற உம்மா அன்று வரவில்லை என்பதையாவது கவனித்தாயா? ஜமீலா இறங்கி வந்து பேசினைக் கழுவ எடுத்தாள். அவளிடமும் கொடுக்கவில்லை, நானே கழுவினேன்.

"வெளியில வந்து போயிருக்க வேண்டியதுதானே, யாரு தடுத்தா? இன்னும் எந்தக் காலத்துல இருக்கீங்க?" இதுதான் நீ அடுத்து கேட்கப்போவது. சரி, பேசுவோம். எனக்கு அந்த வழக்கத்தின் மேல் பெரிய காதல் இல்லை. பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தியதும் அதே வழக்கம்தான். ஜமீலாவின் மகள் காலத்தில் அது போய்த் தொலையட்டும், நானே வழிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். ஆனால் வழக்கத்தை மாற்றுகிறவன் முதலில் வாயைத் திறக்க வேண்டும். "மாமா, எங்க வீட்டுல பொம்பளைங்க ஹால்ல வருவாங்க போவாங்க, உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். உனக்கு அந்தத் தைரியம் கிடையாது. வருகிற பெரியவர்கள் முன்னால் குனிந்து சலாம் சொல்லி, டீ கொடுத்து, நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவாய். செங்கல் உன்னை எதிர்த்துப் பேசாது என்பதால் சுவரை மட்டும் இடித்தாய். சுவர் போய்விட்டது, வழக்கம் அப்படியே நிற்கிறது, நடுவில் நான் பேசினோடு உட்கார்ந்திருக்கிறேன். வழக்கத்தை விடு. சம்பந்தம் பேச வந்த ஆறு ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் முழங்காலுக்கு எதிரே ஒரு கழிப்பறைக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட எந்தச் சாதியில், எந்த மதத்தில், எந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு மனசு வரும் என்று சொல். உன் படத்தில் இருந்த அந்த வெள்ளைக்காரிக்கே வராது.

இதையெல்லாம் நான் முழுங்கிவிட்டிருப்பேன். முழுங்கிப் பழக்கம்தான். ஆனால் போன மாதம் நஸ்ரினுக்குக் கட்டுகிற வீட்டுக்கும் இதே பிளானை அனுப்பியிருக்கிறாய் என்று ஜமீலாவின் மாப்பிள்ளை, நம் மருமகன் சொன்னார். ஹால் இன்னும் ரெண்டடி அகலமாம். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நடந்தது தெரியாமல் ஒருவன் தப்பாகக் கட்டினால் அது அறியாமை. காதால் கேட்டு, கண்ணால் பார்த்த பிறகும் அதையே இன்னொரு பெண்ணுக்குக் கட்டினால் அதற்கு என்ன பேர்? இருபத்திரண்டு வயதுப் பெண், உன்னை நம்பி வருகிறவள், நாளைக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த ஸ்டோர் ரூமில் நிற்பாள். நீ ஹாலில் உட்கார்ந்து போனைக் கட் பண்ணுவாய்.

நான் சம்பந்தி வீட்டுக்குப் போகவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நஸ்ரினின் உம்மாவான சம்பந்தியையும் அவர் தங்கச்சியையும் வீட்டைப் பார்க்க வாங்க என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான். அதே மாதிரி கட்டப் போகிறவர்கள் வந்து பார்ப்பது நியாயம்தானே. வெயிலில் வந்தவர்களுக்கு நன்னாரி சர்பத் கொடுத்தேன். சம்பந்தி நன்றாயிருக்கிறது என்றார், இன்னொரு டம்ளர் கொடுத்தேன். பிறகு கிச்சனைக் காட்டினேன், டீ கொடுத்தேன். ஹாலையும் மாடிப்படியையும் பார்த்து இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். சொல்லிவைத்தபடி மருமகன் தன் கூட்டாளிகளோடு உள்ளே வந்து சலாம் சொல்லி சோபாவில் உட்கார்ந்தார். நான் இரண்டு பேரையும் கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். கொடுமைக்காரிதான் நான். உன்னைப் பெற்றவளிடம் வேறு எதை எதிர்பார்க்கிறாய்?

முதலில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. சம்பந்தி காலை மாற்றி மாற்றி நின்றார். "லாத்தா, எப்ப எந்திரிப்பாங்க?" என்று காதில் கேட்டார். "மஃரிபு பாங்கு சொன்னா எந்திரிப்பாங்க" என்றேன். அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். "பின்னால வழி இல்லையா?" என்றார். "இல்லை." "மாடிக்கு?" "ஹால் வழியாத்தான்." அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார், எழுந்தார், கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்கு மேல் எனக்கு மனசு கேட்கவில்லை, மருமகனுக்குப் போன் செய்தேன். ஒரே ரிங்கில் எடுத்தார். "வாங்கப்பா, கடைத்தெருவுல போயி டீ குடிப்போம்" என்று எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனார். அவர் படித்தது பத்தாவது. அடுத்த வீட்டுப் பிள்ளை ஒரே ரிங்கில் எடுக்கிறான் என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சம்பந்தி கழிப்பறையிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். சோபாவில் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கதவையும் ஸ்டோர் ரூமையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "லாத்தா, அன்னைக்கு எங்க வீட்டுக்காரவங்க வந்துட்டுப் போயி, வீடு நல்ல வீடு, குழாய்தான் லீக்காவுதுன்னு சொன்னாங்க..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெற்ற மகன் பிடிக்காத கையை ஒரு அந்நியப் பெண் பிடித்தபோது நானும் அழுதேன், அதை ஒளிக்கப் போவதில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

நஸ்ரின் புத்திசாலிப் பெண். அவள் உம்மா போய்ச் சொன்னதும் உன் பிளானை எடுத்து, பென்சிலால் கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறாள். கோட்டுக்குப் பின்னால், ஒரு ஆள் நடக்கிற அகலத்தில், ஒரு வழி. அவள் அப்படி ஒரு சந்தைக் கண்ணால் பார்த்தவள்கூட இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்திருக்கிறாள், வந்திருக்கிறது. பெண்கள் அறை எல்லாவற்றுக்கும் அந்த வழியில் கதவு. கழிப்பறை அதன் கோடியில். நீ போன் பண்ணிய பிறகு, நேற்று என்னை வரச்சொல்லிக் காட்டினார்கள். முன்பக்கம் ஹாலை ஒட்டி மாப்பிள்ளை அறை. அதற்குள்ளேயே ஒரு பாத்ரூம் வைத்திருந்தார் சம்பந்தி, மாப்பிள்ளை சங்கடப்படக் கூடாது என்று. ரப்பரை வாங்கி அதை நான் அழித்தேன்.

"லாத்தா, அவங்களுக்கு அப்ப பாத்ரூம்?" என்று சம்பந்தி பதறினார். பின்னால் இருப்பதுதான் என்றேன். நீ உன் அறையிலிருந்து கிளம்பி, ஹாலைக் கடந்து, கிச்சன் வழியாகத்தான் அங்கே போக வேண்டும். கிச்சனில் எப்போதும் சம்பந்தி இருப்பார், அவர் தங்கச்சி இருப்பார், மீன் வாங்கப் பேரம் பேசுகிற பக்கத்து வீட்டுப் பெண்கள் இருப்பார்கள். வாசலில் நின்று நீ தொண்டையைச் செரும வேண்டும். அவர்கள் தலையில் முந்தானையை இழுத்துவிட்டு, சட்டியை இறக்கிவைத்துவிட்டு, எழுந்து உள்ளே போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். நீ எதற்காக நிற்கிறாய் என்று எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்கு இதில் சம்மதமா என்று கேட்காதே, அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு இன்னும் தெரியாது. நஸ்ரின் மட்டும், "எத்தனை நாளைக்கு மாமி?" என்று கேட்டாள். அவன் ஒரு வீட்டை ஒழுங்காக வரைகிற வரைக்கும் என்றேன். அன்றைக்குத் தேவைப்படும் என்று உன் அறைத் தரைக்கு அடியில் பைப்பை மட்டும் போட்டு மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உம்மா அல்லவா.

பயணத்தில் பத்திரம், வேளைக்குச் சாப்பிடு என்றெல்லாம் எழுத வேண்டிய இடம் இது. கல்யாணத்துக்கு உனக்கு என் சீரையும் சொல்லிவிடுகிறேன். அந்த அலுமினியப் பேசினைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன். உன் புது அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கும். கிச்சன் வாசலில் நின்று செருமி, யாரும் எழுந்துகொள்ளாமல், தாங்க முடியாமல் போனால் முதலில் நஸ்ரினுக்குப் போன் செய்து பார். எடுக்கத்தான் செய்வாள், அவள் நல்ல பெண். ஒருவேளை கட் பண்ணிவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு பேசினை எடுத்துக்கொள். ஹாலில் இருப்பவர்கள் என்ன சத்தம் என்று கேட்டால், குழாய் லீக்காவுது என்று சொல்.

உன் உம்மா